அணு தடிமன் காந்தம்: உலோக லேயரா, வான் டெர் வால்ஸ் ஃப்ளேக்கா, எதுல ஆரம்பிக்கறது?

காந்த லேயரை ஒரு அணு, ரெண்டு அணு தடிமனுக்கு கொண்டு போய் வேலை பாக்கணும்னு முடிவு பண்ணவங்க எல்லாருக்கும் முதல்ல வர்ற குழப்பம் மெட்டீரியல்தான். 2017க்கு முன்னாடி இந்த குழப்பமே கிடையாது, மெல்லிசா காந்தம் வேணும்னா இரும்பு, கோபால்ட், நிக்கல் இதுல ஒண்ணை எடுத்து வேற ஏதோ ஒரு கிரிஸ்டல் மேல வளர்த்துக்கணும், அவ்ளோதான். 2017 ஜூன்ல நேச்சர் பத்திரிகையில அடுத்தடுத்து ரெண்டு பேப்பர் வந்துச்சு, ஒண்ணு குரோமியம் ட்ரைஅயடைடு ஒத்தை லேயர்ல காந்தமா இருக்குன்னு, இன்னொண்ணு குரோமியம் ஜெர்மேனியம் டெலூரைடு ரெண்டு லேயர்ல கூட காந்தமா இருக்குன்னு. அதுக்கப்புறம் லேயருக்கு லேயர் வான் டெர் வால்ஸ்ங்கற பலவீனமான ஈர்ப்பால மட்டும் ஒட்டியிருக்கற, டேப் வச்சு உரிச்சு எடுக்கற காந்தங்கள் ஒரு பெரிய குடும்பமாவே ஆயிடுச்சு. இப்ப ஆரம்பிக்கறவங்க முன்னாடி மூணு வழி இருக்கு: அல்ட்ரா ஹை வேக்குவம்ல ஒவ்வொரு அணு லேயரா வளர்க்கற உலோகம், ஸ்பட்டரிங்ல (அயனியால மோதி உலோகத்தை சிதற வச்சு படிய வைக்கறது) போடற பிளாட்டினம்-கோபால்ட் மாதிரி மல்டிலேயர், அப்புறம் இந்த உரிச்செடுக்கற ஃப்ளேக் (மெல்லிசு செதில்).

என் கருத்தை முன்னாடியே சொல்லிடறேன், அப்பதான் கீழ நான் எந்த பக்கம் சாயறேன்னு உங்களுக்கு புரியும். நிறைய பேர் "எது ரொம்ப மெல்லிசு, எது ரொம்ப புதுசு"ன்னு பாத்து முடிவு பண்றாங்க. பாக்க வேண்டியது அந்த லேயரோட காந்த குணம் எங்கிருந்து வருதுங்கறதை. உலோக லேயர்ல பாதிக்கு மேல அது பக்கத்துல இருக்கறவங்ககிட்ட வாங்கினது, கீழ இருக்கற கிரிஸ்டல், மேல மூடற லேயர், ரெண்டுக்கும் நடுவுல எலக்ட்ரான் எப்படி கலக்குதுங்கறது. ஃப்ளேக்ல பெரும்பாலும் அது சொந்தம். உங்க கேள்வி இதுல எதைப் பத்தினதுன்னு தெளிவாயிடுச்சுன்னா மெட்டீரியல் தானா முடிவாயிடும்.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம், ஏன்னா இது தெரியாம ஒப்பிட்டா எல்லாமே தப்பா போகும். 1966ல மெர்மினும் வாக்னரும் கணக்கு போட்டு காட்டினது என்னன்னா, ரெண்டு பரிமாணத்துல ஸ்பின் (ஒவ்வொரு அணுவுக்கும் இருக்கற குட்டி காந்தம்) எந்த திசையிலயும் சும்மா திரும்பலாம்ங்கற நிலைமை இருந்தா, பூஜ்ஜிய கெல்வினுக்கு மேல நீண்ட தூர காந்த ஒழுங்கு நிக்காது, ஏன்னா கிட்டத்தட்ட காசே செலவில்லாம கிளம்பற ஸ்பின் அலைகள் அதை கலைச்சுடும். அதுக்கு முன்னாடியே, 1944ல, ஆன்சாகர் ஸ்பின் மேலயோ கீழயோ மட்டும்தான் பாக்கும்னு வச்சுகிட்டா ரெண்டு பரிமாணத்துல ஒழுங்கு நிக்கும்னு துல்லியமா தீர்த்து வச்சிருந்தாரு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பாலம் அனிசோட்ரோபி, அதாவது ஸ்பினுக்கு ஒரு திசை பிடிக்கும், இன்னொண்ணு பிடிக்காதுங்கற அந்த சின்ன எனர்ஜி வித்தியாசம். அது இருந்தா ஸ்பின் அலை கிளம்பறதுக்கே ஒரு குறைஞ்சபட்ச எனர்ஜி தேவைப்படும், ஒழுங்கு பிழைச்சுக்கும். ஆக, மெல்லிசு காந்தத்துல எந்த மெட்டீரியலை எடுத்தாலும் நீங்க கேக்க வேண்டிய கேள்வி "அனிசோட்ரோபி எவ்ளோ, அதை யார் கொடுக்கறா"ங்கறதுதான்.

யார் கொடுக்கறான்னு பாக்க ஒரு நம்பர் போதும். சாதாரண கட்டி கோபால்ட்ல ஒரு அணுவுக்கு அனிசோட்ரோபி எனர்ஜி சுமார் 0.045 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அதே கோபால்ட்ல ஒரே ஒரு அணுவை எடுத்து பிளாட்டினம் மேல தனியா உக்கார வச்சா 9.3 மில்லி எலக்ட்ரான் வோல்ட், 2003ல அளந்து போட்டாங்க. இருநூறு மடங்கு. பக்கத்துல இன்னும் கோபால்ட் அணுக்கள் வந்து சேரச் சேர இது மளமளன்னு இறங்கும். அணு அதேதான், சுத்தி யார் இருக்காங்கங்கறதுதான் மாறுச்சு.

சரி, முதல் வழி. அல்ட்ரா ஹை வேக்குவம்ல டங்ஸ்டன், இரிடியம், தாமிரம் மாதிரி ஒரு சுத்தமான ஒத்தை கிரிஸ்டல் மேல இரும்பையோ கோபால்ட்டையோ மெதுவா ஆவியாக்கி ஒரு லேயர் போடறது. இந்த துறையோட அழகான ரிசல்ட் எல்லாம் இங்கதான் இருக்கு, அதுல ஒண்ணை கிட்டக்க போய் பாக்கலாம். ஒத்தை லேயர் இரும்பை எடுத்துக்கோங்க. அதை டங்ஸ்டனோட 110 முகத்துல (கிரிஸ்டலை எந்த கோணத்துல வெட்டினதுன்னு சொல்ற நம்பர்) போட்டா ஒழுங்கான ஃபெரோ காந்தம், அதாவது எல்லா ஸ்பினும் ஒரே பக்கம், காந்தம் தளத்துக்குள்ளயே படுத்திருக்கும், கியூரி டெம்பரேச்சர், அதாவது எதுக்கு மேல சூடானா காந்த ஒழுங்கு போயிடுமோ அது, 225 கெல்வின் பக்கம் (கட்டி இரும்புல அது 1043). அதே இரும்பு, அதே டங்ஸ்டன், ஆனா கிரிஸ்டலை வேற கோணத்துல வெட்டி 001 முகத்துல போட்டா ஆன்டிஃபெரோ காந்தம் ஆயிடுது, பக்கத்து பக்கத்து அணு எதிர் எதிரா நிக்குது, ஹாம்பர்க் குரூப் 2005ல ஸ்பின் போலரைஸ்டு எஸ்டிஎம் (காந்த ஊசி முனையால அணு அணுவா பாக்கற மைக்ராஸ்கோப்) வச்சு இதை நேரா படமே எடுத்தாங்க. அதே இரும்பை இரிடியத்தோட 111 முகத்துல போட்டா அது ரெண்டும் இல்லாம, 1 நானோமீட்டர் அளவு ஸ்கிர்மியான்கள் (ஸ்பின்கள் சுழல் மாதிரி திரும்பி நிக்கற குட்டி முடிச்சுகள்) சதுர சதுரமா அடுக்கி வச்ச மாதிரி ஒரு அமைப்பு, வெளியில இருந்து காந்தப்புலமே கொடுக்காம தானா வருது, இது 2011ல வந்தது. மூணு தடவையும் மேல இருக்கறது இரும்பு ஒரே லேயர்தான். "இரும்பு ஃபெரோ காந்தம்"னு ஸ்கூல்ல படிச்சது ஒத்தை லேயர்ல செல்லாது, கீழ இருக்கறவன் சொல்றதுதான் சட்டம்.

மாங்கனீஸ் கதையும் இதே ரகம். டங்ஸ்டன் 110 மேல மாங்கனீஸ் ஒத்தை லேயரை 2000ல படம் எடுத்தப்ப செஸ் போர்டு மாதிரி ஆன்டிஃபெரோன்னு தெரிஞ்சுது, 2007ல இன்னும் கவனமா பாத்தா ஒரு வரிசையில இருந்து அடுத்த வரிசைக்கு ஸ்பின் 180 டிகிரிக்கு பதிலா சுமார் 173 டிகிரி திரும்புது, அந்த ஏழு டிகிரி குறை சேர்ந்து சேர்ந்து மொத்த அமைப்பும் ஒரே பக்கமா சுருள்ற ஸ்பைரலா ஆயிடுது. காரணம் ஜியலோஷின்ஸ்கி-மோரியா இன்டராக்ஷன், மேல வேக்குவம், கீழ கனமான உலோகம்னு மேல்-கீழ் சமச்சீர் உடையறதால வர்றது. இப்ப ரேஸ்ட்ராக் மெமரி (காந்த பகுதிகளை கம்பியில ஓட்டி டேட்டா வைக்கற மெமரி), ஸ்கிர்மியான்னு பேசறவங்க எல்லாம் சாப்பிடறது இந்த இன்டராக்ஷனைத்தான்.

இவ்ளோ நல்லா இருக்கே, அப்ப இதையே எடுத்துக்கலாமேன்னு தோணும். தடை வேக்குவம். கணக்கு சிம்பிள்: 10⁻⁶ டார் அழுத்தத்துல மேல வந்து மோதற வாயு மூலக்கூறு எல்லாம் ஒட்டிக்கிச்சுன்னா ஒரே செகண்டுல ஒரு முழு லேயர் அழுக்கு படிஞ்சுடும். 10⁻¹⁰ டாருக்கு போனா அதுக்கு 10,000 செகண்டு, கிட்டத்தட்ட மூணு மணி நேரம் கிடைக்கும், அந்த மூணு மணி நேரத்துலயும் கடைசி பாதி சந்தேகம்தான். அதாவது வளர்க்கறது, குளிர வைக்கறது, அளக்கறது எல்லாமே வேக்குவத்தை உடைக்காம ஒரே சேம்பர் தொடருக்குள்ள நடக்கணும், சாம்பிளை வெளியில எடுத்து பக்கத்து பில்டிங்ல இருக்கற மெஷின்ல போட முடியாது. மேல தங்கம் மாதிரி ஏதாவது போட்டு மூடி எடுத்துட்டு வரலாமேன்னா, மூடின உடனே அது வேற சாம்பிள், அனிசோட்ரோபி மாறிடும், ஏன்னா மேல இருந்த வேக்குவமும் ஒரு பக்கத்து வீட்டுக்காரர்தான்.

அதனால இந்த வழி யாருக்குன்னா, ஏற்கனவே ஓடிட்டு இருக்கற ஒரு வேக்குவம் செட்டப்பும் அதை ராத்திரி பகலா பாத்துக்கற ஆளும் இருக்கற லேபுக்கு. புதுசா கட்டி அதுல ரிசல்ட் பாக்கலாம்னு ஒரு டாக்டரேட் காலத்துக்குள்ள நினைக்கறது ரிஸ்க்கான விஷயம், பம்ப், பேக்-அவுட் (சேம்பரை சூடாக்கி ஒட்டின வாயுவை விரட்டறது), லீக் தேடறதுன்னே காலம் ஓடிடும்.

ரெண்டாவது வழி பாக்க அவ்ளோ கவர்ச்சியா இருக்காது, ஆனா என் ஓட்டு பெரும்பாலும் இதுக்குத்தான். ஸ்பட்டரிங்ல சிலிக்கான் மேல டான்டலம் கொஞ்சம், பிளாட்டினம் கொஞ்சம், கோபால்ட் 0.6 நானோமீட்டர், அதுக்கு மேல அலுமினியம் ஆக்சைடோ மெக்னீசியம் ஆக்சைடோ. 0.6 நானோமீட்டர்னா மூணு அணு லேயர், ஏன்னா கோபால்ட்ல லேயருக்கு லேயர் இடைவெளி 0.2 நானோமீட்டர். செகண்டுக்கு அரை ஆங்ஸ்ட்ராம் ரேட்டுன்னு வச்சுகிட்டா ஷட்டர் திறந்து பன்னெண்டு செகண்டுல மூடணும், வேலை முடிஞ்சுது. இது ஒவ்வொரு அணு லேயரா கச்சிதமா வளர்ந்தது கிடையாது, குட்டி குட்டி கிரிஸ்டல்கள், 111 முகம் மேல பாத்த மாதிரி, மேடு பள்ளம் உண்டு, 0.6ங்கறது சராசரி. சுத்தமான பிசிக்ஸ் விரும்பறவங்க இங்கதான் முகம் சுளிப்பாங்க.

ஆனா இது கொடுக்கறதை பாருங்க. கோபால்ட் படத்துக்கு தன்னோட வடிவத்தால காந்தம் தளத்துக்குள்ள படுத்துக்கத்தான் பிடிக்கும், அந்த எனர்ஜி கன மீட்டருக்கு சுமார் 1.2 மெகா ஜூல். பிளாட்டினம்-கோபால்ட் இன்டர்ஃபேஸ் (ரெண்டும் ஒட்டற பரப்பு) அதை நேரா நிமிர்த்த பாக்கும், அது பரப்பளவை பொறுத்தது, ரெண்டு பக்கமும் சேர்த்து சதுர மீட்டருக்கு ஒரு மில்லி ஜூல் சொச்சம். ஒண்ணு தடிமனோட வளரும், இன்னொண்ணு வளராது, அதனால ஏறக்குறைய 1 நானோமீட்டர்ல ரெண்டும் சமமாகி, அதுக்கு கீழ காந்தம் நிமிர்ந்து நிக்கும், அதுக்கு மேல படுத்துடும். மேற்பரப்புல இப்படி தனியா ஒரு அனிசோட்ரோபி இருக்கும்னு நீல் 1954லயே சொல்லி வச்சுட்டாரு, 1968ல கிராட்மனும் முல்லரும் தாமிரத்து மேல நிக்கல்-இரும்பு படத்துல பாத்தாங்க, 1985ல கார்சியா குரூப் பல்லேடியம்-கோபால்ட் மல்டிலேயர்ல காட்டினாங்க. பழைய விஷயம்தான். ஆனா பழசுங்கறதாலயே இங்க எல்லாத்துக்கும் ஒப்பிட நம்பர் இருக்கு, உங்க சாம்பிள் நல்லா வந்திருக்கா இல்லையான்னு அன்னைக்கு சாயங்காலமே தெரிஞ்சுடும். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு இதோட மதிப்பு என்னன்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

ரூம் டெம்பரேச்சர்ல வேலை செய்யும், காத்துல வச்சாலும் மேல மூடின லேயர் காப்பாத்தும், செ.மீ. கணக்குல பெரிய சாம்பிள் கிடைக்கும், லித்தோகிராஃபி பண்ணி டிவைஸ் போடலாம். 2010ல டோஹோகு யுனிவர்சிட்டி குரூப் 1.3 நானோமீட்டர் கோபால்ட்-இரும்பு-போரான், மேல மெக்னீசியம் ஆக்சைடு, 40 நானோமீட்டர் விட்டத்துல டனல் ஜங்ஷன் (ரெண்டு காந்தத்துக்கு நடுவுல மெல்லிசு இன்சுலேட்டர்) பண்ணி 120 சதவீதத்துக்கு மேல மேக்னெட்டோ ரெசிஸ்டன்ஸ் (காந்த திசை மாறும்போது மின்தடை மாறற அளவு) காட்டினாங்க, கனமான உலோகமே தேவையில்லாம இரும்போட டி ஆர்பிட்டலும் ஆக்சிஜனோட பி ஆர்பிட்டலும் கலக்கறதே காந்தத்தை நிமிர்த்த போதும்னு ஆச்சு. இன்னைக்கு விக்கற எம்ரேம் (காந்தத்துல டேட்டா வைக்கற மெமரி) சிப்ல பெரும்பாலானது அந்த வம்சம்தான். அதுக்கு அடுத்த வருஷம் கிரெனோபிள்ல 0.6 நானோமீட்டர் கோபால்ட்டை, பிளாட்டினத்துல தளத்தோட ஓட்ற கரண்ட் வச்சே புரட்டி காட்டினாங்க, ஸ்பின் ஆர்பிட் டார்க்னு இப்ப தனி துறையே அது.

குறை இல்லாம இல்ல. கோபால்ட்-இரும்பு-போரானுக்கு கீழ டான்டலம் இருந்தா சில ஆங்ஸ்ட்ராம் காந்தமே இல்லாம செத்துப்போகும், அதை தனியா அளந்து கழிச்சாதான் உண்மையான தடிமன் கிடைக்கும். பிளாட்டினம் எதிர் வேலை பண்ணும், கோபால்ட்டை ஒட்டி இருக்கற பிளாட்டினம் அணுவும் கொஞ்சம் காந்தமாயிடும், அப்ப உங்க "கோபால்ட் காந்தம்" நம்பர்ல பிளாட்டினத்தோட பங்கும் ஒளிஞ்சிருக்கும். அனீல் பண்ற (சூடாக்கி ஆற வைக்கற) டெம்பரேச்சர் மாறினா, ஆக்சைடு ஒரு சின்ன அளவு கூடவோ குறையவோ ஆனா எல்லாம் மாறும். கரண்ட்டோ வோல்டேஜோ வச்சு காந்த குணத்தை மாத்தறதுன்னு வரும்போது உலோகத்துக்கு இன்னொரு பலவீனம் உண்டு, எலக்ட்ரான் அவ்ளோ அடர்த்தியா இருக்கறதால வெளியில இருந்து கொடுக்கற மின்புலம் ஒரு அணு லேயரை தாண்டி உள்ள போகவே போகாது. 2009ல ஒசாகா குரூப் சில அணு லேயர் இரும்புல அனிசோட்ரோபியை வோல்டேஜ் வச்சு 40 சதவீதம் வரைக்கும் மாத்தினாங்கங்கறது நிஜம்தான், ஆனா அது மாத்தினது இன்டர்ஃபேஸை, இரும்பை இல்ல.

மூணாவது வழி, ஃப்ளேக். கிரிஸ்டல் வாங்கியோ வளர்த்தோ டேப்ல உரிச்சு, மைக்ராஸ்கோப்ல கலர் வித்தியாசம் பாத்து ஒத்தை லேயர் தேடறது. இதோட பெரிய பலம், லேயருக்கும் லேயருக்கும் நடுவுல கெமிக்கல் பாண்ட் இல்லாததால சப்ஸ்ட்ரேட் (கீழ தாங்கற பரப்பு) பெருசா தலையிடறதில்ல, மேற்பரப்புல அறுந்து தொங்கற பாண்டும் இல்ல, லேயர் எண்ணிக்கை முழு எண்தான், மூணுன்னா மூணு, 2.8 லேயர் சராசரிங்கற பேச்சே கிடையாது. இந்த முழு எண் எவ்ளோ முக்கியம்னு குரோமியம் ட்ரைஅயடைடு காட்டும். ஒரு லேயர் ஃபெரோ, கியூரி டெம்பரேச்சர் 45 கெல்வின், கட்டியில 61. ரெண்டு லேயர் எடுத்தா ஒவ்வொரு லேயரும் ஃபெரோவா இருந்துகிட்டே ஒண்ணுக்கொண்ணு எதிரா திரும்பி மொத்தத்துல பூஜ்ஜியம், சுமார் 0.65 டெஸ்லா கொடுத்தா திடீர்னு ரெண்டும் ஒரே பக்கம் தாவும். மூணு லேயர்ல திரும்பவும் மொத்த காந்தம் தெரியும். கட்டியில ஃபெரோவா இருக்கறது மெல்லிசுல ஏன் இப்படி ஆகுதுன்னா லேயர் அடுக்கற விதம் வேற, ஒரு லேயர் அடுத்ததுக்கு மேல கொஞ்சம் நகர்ந்து உக்காந்திருக்கு, 2019ல அழுத்தம் கொடுத்து அந்த அடுக்கை மாத்தினா ஃபெரோவா மாறுதுன்னும் காட்டியாச்சு. நாலு லேயரை கிராஃபீனுக்கு (ஒத்தை அணு கார்பன் தாள்) நடுவுல வச்சு டனலிங் பண்ணதுல 19,000 சதவீதம் மேக்னெட்டோ ரெசிஸ்டன்ஸ் வந்துச்சு, உலோக ஜங்ஷன் அந்த பக்கமே எட்டி பாக்க முடியாத நம்பர்.

குறை என்னன்னு பாத்தா அதுவும் அதே அளவுக்கு பெருசு. ட்ரைஅயடைடு காத்து பட்டா நிமிஷக் கணக்குல கரைஞ்சு சொட்டு சொட்டா ஆயிடும், வெளிச்சம் பட்டா இன்னும் வேகமா, மைக்ராஸ்கோப்ல ஃபோகஸ் பண்ணி ரசிச்சு பாத்துட்டு இருக்கும்போதே ஓரம் குமிழ் விட ஆரம்பிக்கும். குளோவ் பாக்ஸ் (காத்து புகாத, கையுறை வழியா வேலை பாக்கற பெட்டி), அதுக்குள்ள மைக்ராஸ்கோப், அதுக்குள்ளயே போரான் நைட்ரைடு வச்சு மேலயும் கீழயும் மூடற ட்ரான்ஸ்ஃபர் செட்டப், இதெல்லாம் இருந்தாதான் இந்த மெட்டீரியலை பத்தி பேசணும். அதோட 45 கெல்வின்னா லிக்விட் நைட்ரஜன் பத்தாது, ஹீலியமோ குளோஸ்டு சைக்கிள் க்ரையோஸ்டாட்டோ (தானே குளிர வைக்கற மெஷின்) வேணும்.

இங்கதான் அதே குடும்பத்துல வேற ஆளை பாக்கணும், பலர் 2017 பேப்பரை படிச்சுட்டு ட்ரைஅயடைடுலயே நின்னுடறாங்க. குரோமியம் சல்ஃபைடு ப்ரோமைடு காத்துல தாங்கும், செமிகண்டக்டர், கட்டியில 132 கெல்வின் வரைக்கும் ஆன்டிஃபெரோ அடுக்கு, ஒத்தை லேயர்ல ஃபெரோ, அதோட கியூரி டெம்பரேச்சர் 146ன்னு அளந்திருக்காங்க, அதாவது 77 கெல்வின் லிக்விட் நைட்ரஜன்லயே வேலை ஆயிடும். காந்தம் தளத்துக்குள்ள ஒரே அச்சுல படுத்திருக்கும், நிமிர்ந்து நிக்காதுங்கறதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, போலார் கெர் செட்டப்ல (லேசர் காந்தத்துல பட்டு திரும்பும்போது ஒளியோட போலரைசேஷன் திரும்பறதை வச்சு, நிமிர்ந்து நிக்கற காந்தத்தை அளக்கறது) நேரா தெரியாது.

உலோகமாவும் இருக்கணும், உரிக்கவும் வரணும்னா அயர்ன் ஜெர்மேனியம் டெலூரைடு, லேப்ல எல்லாரும் எஃப்ஜிடின்னுதான் சொல்வாங்க. கட்டியில 220 கெல்வின் பக்கம், ஒத்தை லேயர்ல 130 இல்ல அதுக்கும் கீழ, காந்தம் நல்லா நிமிர்ந்து நிக்கும், உலோகம்ங்கறதால ஹால் பார் (கரண்ட் விட்டு குறுக்க வோல்டேஜ் அளக்கற பட்டை) போட்டு அனாமலஸ் ஹால் வோல்டேஜ்ல (காந்தத்தால குறுக்க வர்ற வோல்டேஜ்) நேரா அளக்கலாம். 2018ல ஃபூடான் யுனிவர்சிட்டி குரூப் லித்தியம் அயனி கேட் (வோல்டேஜ் கொடுத்து லேயர்ல எலக்ட்ரான் எண்ணிக்கையை மாத்தற அமைப்பு) வச்சு மூணு லேயர் எஃப்ஜிடியை ரூம் டெம்பரேச்சர் வரைக்கும் காந்தமா வச்சிருக்க வச்சாங்க, இது மேல சொன்ன உலோக பலவீனத்துக்கு நேர் பதில், லேயர் அவ்ளோ மெல்லிசா இருந்தா எலக்ட்ரான் எண்ணிக்கையையே மாத்திடலாம். 2022ல ஜெர்மேனியத்துக்கு பதிலா காலியம் போட்டது வந்துச்சு, கட்டியில 350ல இருந்து 380 கெல்வின், எந்த கேட்டும் இல்லாம ரூம் டெம்பரேச்சர். இந்த குடும்பத்துல டிவைஸ் கனவு காணறவங்க இப்ப பெரும்பாலும் அங்கதான் நிக்கறாங்க. ஒத்தை லேயருக்கு போகப் போக இதுவும் இறங்கத்தான் செய்யும், கட்டி நம்பரை மட்டும் பாத்து மயங்காதீங்க.

ரூம் டெம்பரேச்சர் காந்தம்னு வர்ற எல்லா பேப்பரையும் அப்படியே நம்ப வேண்டாம்ங்கறதுக்கு வனேடியம் டைசெலினைடு ஒரு உதாரணம், 2018ல ஒத்தை லேயர்லயே பலமான ஃபெரோ காந்தம்னு வந்துச்சு, பின்னாடி எக்ஸ்-ரே வச்சு பாத்த குரூப்களுக்கு அந்த காந்தம் தட்டுப்படவே இல்ல. இது ஏன் நடக்குதுன்னா அளவீடு அவ்ளோ கஷ்டம், அதை கொஞ்சம் நம்பரோட பாக்கலாம், ஏன்னா மெட்டீரியல் முடிவை பாதி இதுதான் தீர்மானிக்கும்.

ஒரு கோபால்ட் அணு லேயர்ல சதுர செ.மீ.க்கு சுமார் 1.8 × 10¹⁵ அணு, ஒவ்வொண்ணுக்கும் 1.7 போர் மேக்னட்டான் (அணுவோட காந்தத்தை அளக்கற அலகு). பெருக்கினா சதுர செ.மீ.க்கு 2.9 × 10⁻⁵ ஈஎம்யூ (மொத்த காந்தத்தை அளக்கற அலகு). சாம்பிள் 5 மி.மீ.க்கு 5 மி.மீ.ன்னா ஒரு லேயருக்கு 7 × 10⁻⁶ ஈஎம்யூ. ஸ்குவிட் மேக்னட்டோமீட்டர் (சூப்பர்கண்டக்டர் வச்சு ரொம்ப சின்ன காந்தத்தை அளக்கற மெஷின்) 10⁻⁸ வரைக்கும் பாக்கும், அப்ப தாராளமா தெரியணும். ஆனா கீழ இருக்கற அரை மி.மீ. சிலிக்கான் துண்டு டயா காந்தம், 1 டெஸ்லால அது மட்டும் சுமார் 3 × 10⁻⁵ ஈஎம்யூ எதிர் பக்கம் காட்டும், நீங்க தேடறதை விட அஞ்சு மடங்கு கிட்ட. அது நேர்கோடு, கழிச்சுடலாம்னு விட்டாலும், ஓரத்துல எஃகு இடுக்கி பட்ட ஒரு துளி இரும்பு, அதுக்கு கழிக்க நேர்கோடு கிடையாது, அது அழகா ஹிஸ்டெரிசிஸ் லூப்பே (புலத்தை ஏத்தி இறக்கும்போது ஃபெரோ காந்தம் வரையற மூடின வளைவு) போட்டு காட்டும். "ரூம் டெம்பரேச்சர் ஃபெரோ காந்தம்"னு வந்து அப்புறம் காணாம போன ரிசல்ட்ல இப்படி அழுக்குக்கு பெரிய பங்கு உண்டு. பிளாஸ்டிக் இல்ல டைட்டானியம் இடுக்கிதான் எடுக்கணும்.

இப்ப ஃப்ளேக்குக்கு அதே கணக்கு. 10 மைக்ரானுக்கு 10 மைக்ரான்னா பரப்பு 10⁻⁶ சதுர செ.மீ., ட்ரைஅயடைடு ஒத்தை லேயர்னா மொத்த காந்தம் 10⁻¹¹ ஈஎம்யூ சொச்சம். ஸ்குவிட்டோட எல்லைக்கு கீழ ஆயிரம் மடங்கு. அதனால உங்க லேப்ல நல்ல ஸ்குவிட் இருக்குங்கறது ஃப்ளேக் எடுக்க ஒரு காரணமே கிடையாது. ஃப்ளேக்குன்னா லேசரை மைக்ரான் அளவுக்கு குவிச்சு பாக்கற கெர் மைக்ராஸ்கோப், இல்ல ஹால் பார், இல்ல வைரத்துல நைட்ரஜன் வேகன்சி சென்சார். ட்ரைஅயடைடு ஒத்தை லேயர் இந்த விஷயத்துல தயவு காட்டுது, 633 நானோமீட்டர் சிவப்பு லேசர்ல கெர் திருப்பம் 5 மில்லி ரேடியன் அளவுக்கு வருது, ஒரு அணு லேயர் சமாச்சாரத்துக்கு அது ரொம்ப அதிகம்.

நடுவுல இன்னொரு கேள்வியும் வரும், சப்ஸ்ட்ரேட்டே இல்லாம தனியா நிக்கற ஒத்தை அணு இரும்பு தாளே பண்ண முடியாதான்னு. 2014ல டிரெஸ்டன்ல கிராஃபீன்ல இருக்கற ஓட்டைக்குள்ள ஒத்தை அணு இரும்பு சவ்வு பாத்ததா வந்துச்சு, ஆனா அது சில நானோமீட்டர்தான், அதுக்கு மேல பெருசானா நிக்காது. 2024ல ஸ்வீடன்ல தங்கத்தை ஒத்தை அணு தாளா எடுத்தாங்க, 2025ல பெய்ஜிங்ல பிஸ்மத், காலியம், இண்டியம், வெள்ளீயம், ஈயம் இதையெல்லாம் ரெண்டு மாலிப்டினம் சல்ஃபைடு பரப்புக்கு நடுவுல நசுக்கி ஆங்ஸ்ட்ராம் தடிமனுக்கு கொண்டு வந்தாங்க. பிரமாதமான வேலை, ஆனா இந்த தங்கம், பிஸ்மத் வகையறா எதுவும் ஃபெரோ காந்தம் இல்ல. காந்தத்துக்காக ஆரம்பிக்கறவங்க இப்போதைக்கு இதை படிச்சு ரசிச்சுட்டு விட்டுடலாம்.

அப்ப எதை எடுக்கறது? உங்க கேள்வி டிவைஸ் பத்தினதுன்னா, கரண்ட் வச்சு புரட்டறது, டொமைன் வால் (எதிர் எதிர் காந்த பகுதிகளுக்கு நடுவுல இருக்கற எல்லை) ஓட்டறது, ஸ்கிர்மியான், மெமரி இதெல்லாம்னா ஸ்பட்டரிங் பிளாட்டினம்-கோபால்ட், ரெண்டாவது யோசனையே வேண்டாம். ஃப்ளேக்ல அதை பண்ணினா டிவைஸ் பண்ற நேரத்தை விட ஃப்ளேக் தேடற நேரம்தான் அதிகமாகும், ஒரு ஃப்ளேக் மாதிரி அடுத்த ஃப்ளேக் இருக்காது, பத்து டிவைஸ்ல ஒரே ரிசல்ட் காட்டுங்கன்னு ரெஃப்ரி (பேப்பரை மதிப்பிடறவர்) கேட்டா முழி பிதுங்கிடும். உங்க கேள்வி காந்தத்தை பத்தியேன்னா, ரெண்டு பரிமாணத்துல ஒழுங்கு எப்படி உருவாகுது, லேயர் எண்ணிக்கையால என்ன மாறுது, கேட் வோல்டேஜால ஃபெரோவை ஆன்டிஃபெரோ பண்ணலாமா, ரெண்டு லேயரை சின்ன கோணத்துல முறுக்கி வச்சா என்ன ஆகும், இதெல்லாம்னா ஃப்ளேக். அதுல குளோவ் பாக்ஸ் இல்லாதவங்க சல்ஃபைடு ப்ரோமைடு, ஹால் அளவீடு நல்லா தெரிஞ்சவங்க எஃப்ஜிடி குடும்பம், ஹீலியமும் குளோவ் பாக்ஸும் கெர் மைக்ராஸ்கோப்பும் மூணும் இருக்கறவங்க மட்டும் ட்ரைஅயடைடு. அணு அணுவா ஸ்பின்னை கண்ணால பாக்கணும், கீழ இருக்கற கிரிஸ்டல் எப்படி மேல இருக்கறதை ஆட்டி வைக்குதுன்னு தெரியணும்னா அல்ட்ரா ஹை வேக்குவம்தான், அதுக்கு மாத்து கிடையாது, ஏற்கனவே ஓடற செட்டப் இருக்கற லேபா பாத்து சேர்ந்துக்கோங்க.

இன்னும் எந்த பக்கமும் முடிவாகலைன்னா, கோபால்ட் வெட்ஜ் ஒண்ணு போட்டு பாக்கச் சொல்வேன். வேஃபரை சுத்த விடாம நிறுத்தி வச்சு, கோபால்ட் ஒரு ஓரத்துல 0.3 நானோமீட்டர், எதிர் ஓரத்துல 2 நானோமீட்டர்னு சரிவா விழற மாதிரி போடணும், கீழ பிளாட்டினம், மேலயும் பிளாட்டினம். ஒரே சாம்பிள். அதை போலார் கெர் லேசருக்கு கீழ ஒரு ஓரத்துல இருந்து நகர்த்திகிட்டே லூப் எடுத்தா, மெல்லிசு ஓரத்துல ஒண்ணுமே இருக்காது, ரூம் டெம்பரேச்சர்ல ஒழுங்கு நிக்கறதுக்கு தடிமன் பத்தலை, கொஞ்சம் நகர்ந்ததும் சதுரமான லூப் சட்டுன்னு திறக்கும், நடுவுல அகலமாகும், 1 நானோமீட்டர் தாண்டினப்புறம் சாய ஆரம்பிச்சு கடைசியில வெறும் சரிவுக் கோடா படுத்துடும். ஒவ்வொரு இடத்துலயும் காந்தத்தை கஷ்டமான அச்சு பக்கம் இழுக்க எவ்ளோ புலம் ஆகுதுன்னு அளந்து, அனிசோட்ரோபியை தடிமனால பெருக்கி தடிமனுக்கு எதிரா வரைஞ்சா ஒரு நேர்கோடு வரும், அது செங்குத்து அச்சை வெட்டற இடம் இன்டர்ஃபேஸோட பங்கு, சரிவு உள்ளே இருக்கறதோட பங்கு. அந்த கோடு மெல்லிசு பக்கம் எங்க வளையுதுன்னு பாத்தீங்கன்னா, அடுத்து ஆராய வேண்டிய கேள்வி பெரும்பாலும் அந்த வளைவுலயே இருக்கும்.